கிழித்தெடுத்த பக்கங்கள்: அமெரிக்காவில் கன்ஃபூசியஸ் நிறுவனங்கள் வந்ததும் போனதும்

2014 ஜூலை மாதம், போர்ச்சுக்கலின் பிராகா நகரம். ஐரோப்பியச் சீனவியல் சங்கத்தின் இருபதாவது மாநாடு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிற கூட்டம் அது. சீன மொழி, இலக்கியம், வரலாறு என்று அதிலேயே ஆயுளைக் கழித்தவர்கள் வருவார்கள். மாநாடு தொடங்கிய மறுநாள் பதிவு செய்ய வந்தவர்களுக்கு நிகழ்ச்சிநிரல் புத்தகம் கிடைக்கவில்லை. அடுத்த நாள் ஒருவழியாகக் கைக்கு வந்தபோது, புரட்டியவர்கள் சில பக்கங்களைக் காணோம் என்று கவனித்தார்கள். அச்சில் விட்டுப்போகவில்லை, யாரோ கிழித்தெடுத்திருக்கிறார்கள்.

அப்படி என்னதான் இருந்தது அந்தப் பக்கங்களில்? சங்கத்துக்குப் பல ஆண்டுகளாகப் பணம் கொடுத்து வந்த தைவானின் சியாங் சிங்-குவோ அறக்கட்டளை பற்றிய குறிப்பு, தைவானிலிருந்து வந்த புத்தகக் கண்காட்சி பற்றிய குறிப்பு, இந்த மாதிரி விஷயங்கள். கிழிக்கச் சொன்னவர் ஷூ லின். சீன மொழியும் பண்பாடும் கற்பிக்கும் கன்ஃபூசியஸ் நிறுவனங்களை உலகம் முழுக்க நடத்திய ஹான்பான் என்ற சீன அரசு அலுவலகத்தின் தலைவர். மாநாட்டுக்கு ஹான்பான் தரப்பும் உதவி செய்திருந்தது. நாம் பணம் கொடுத்த புத்தகத்தில் தைவான் பெயர் எதற்கு என்பது அவர் கணக்கு. சங்கத்தின் தலைவர் எழுத்துமூலம் கண்டனம் தெரிவித்தார். அதே டிசம்பரில் பிபிசி நிருபர் ஒருவர் பேட்டியில் இதைப் பற்றிக் கேட்டபோது, பேட்டியின் பெரும்பகுதியை அழித்துவிடும்படி ஷூ லின் சொன்னார். பிபிசி அழிக்கவில்லை.

சீன மொழியை வெளிநாடுகளில் பரப்பும் வேலை எங்கே சறுக்கியது என்று கேட்டால் நான் இந்தக் கிழிந்த புத்தகத்தைத்தான் முதலில் காட்டுவேன். அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் சீனாவின் விரோதிகள் இல்லை. உலகத்திலேயே சீனத்தின் மேல் அதிகப் பிரியம் வைத்தவர்கள். அவர்கள் கையில் கொடுத்த புத்தகத்தில்தான் கத்தரிக்கோல் வேலை நடந்தது. இதே கதை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பதினைந்து ஆண்டு நீளத்துக்கு நடந்தது. அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

பெயர்ப்பலகை

ஹான்பான் 1987-இல் தொடங்கியது. வெளிநாட்டவருக்குச் சீன மொழி கற்பிப்பது அதன் பொறுப்பு. பாடப்புத்தகம், ஆசிரியர் அனுப்புவது, வெளிநாட்டு மாணவர்களுக்கு 2002 முதல் 'சீனப் பாலம்' என்ற பேச்சுப் போட்டி என்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. 2004-இல் வேகம் கூடியது. அந்த நவம்பரில் தென்கொரியாவின் சியோல் நகரில் முதல் கன்ஃபூசியஸ் நிறுவனம் திறக்கப்பட்டது. அதே மாதம் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்காவில் அதுதான் முதலாவது.

ஜெர்மனிக்குக் கதே, ஸ்பெயினுக்கு செர்வாண்டிஸ் என்று மொழி நிறுவனத்துக்கு ஓர் இலக்கியவாதியின் பெயர் வைப்பது ஐரோப்பிய வழக்கம். சீனா கன்ஃபூசியஸைத் தேர்ந்தெடுத்தது. சாமர்த்தியமான தேர்வுதான், மாவோ பெயரை வைத்தால் எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் பலகை மாட்டும்? ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1966 நவம்பரில் மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் கன்ஃபூசியஸின் சொந்த ஊரான சூஃபூவுக்குப் போய் அவர் பரம்பரையின் கல்லறைகளைத் தோண்டிப் போட்டார்கள். 1974-இல் கன்ஃபூசியஸைத் திட்டி நாடு தழுவிய இயக்கம் ஒன்றைக் கம்யூனிஸ்ட் கட்சி நடத்தியது. முப்பது ஆண்டு கழித்து அதே பெரியவர் வெளிநாட்டுக் கல்லூரி வாசல்களில் சிரித்த முகத்தோடு நின்றார்.

ஏற்பாடு இப்படி. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம், ஒரு சீனப் பல்கலைக்கழகம், மேலே ஹான்பான். மேரிலாண்டுக்குத் துணை, தியென்ஜின் நகரின் நான்கை பல்கலைக்கழகம். தொடங்கும்போது ஹான்பான் வழக்கமாக ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் டாலர் வரை கொடுக்கும், சில ஆயிரம் புத்தகங்கள் அனுப்பும். ஆசிரியர்களின் சம்பளம், விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் செலவு. அமெரிக்கப் பக்கம் அறை, மேசை நாற்காலி, அலுவலக வசதி, ஓர் இயக்குநர். சீனாவிலிருந்து இன்னோர் இயக்குநர். அரசு நிதி குறைந்து, மொழித்துறைகளில் முதலில் கைவைக்கும் காலத்தில் இப்படி ஒன்று வாசலில் வந்து நின்றால் எந்தத் துணைவேந்தர் வேண்டாம் என்பார்? 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக், சீனத்துடன் வியாபாரம், சீனம் தெரிந்தால் வேலை நிச்சயம் என்ற பேச்சு. பத்தே ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் நூறைத் தொட்டுவிட்டது. 2019 முடிவில் உலகம் முழுக்க 162 நாடுகளிலும் பகுதிகளிலும் 550 நிறுவனங்கள், அதுபோகப் பள்ளிகளில் 1,172 கன்ஃபூசியஸ் வகுப்பறைகள்.

வகுப்பில் என்ன நடந்தது

சண்டைச் செய்திகளை மட்டும் படித்தவர்கள் ஏதோ கொள்கைப் பிரசார வகுப்பு நடந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த அறைகளில் பெரும்பாலும் நடந்தது 'மா' கற்பிப்பது.

சீன மொழியில் தொனி மாறினால் பொருள் மாறும். எல்லா இடத்திலும் முதல் வகுப்பு இதுதான். 'மா' என்பதை உயர்ந்த குரலில் சமமாக இழுத்தால் அம்மா. கேள்வி கேட்பதுபோல் மேலே ஏற்றினால் சணல். தாழ்த்தி வளைத்து மேலே கொண்டுவந்தால் குதிரை. வெடுக்கென்று கீழே விட்டால் திட்டுவது. அம்மாவைக் கூப்பிடப் போய்க் குதிரையைக் கூப்பிட்ட கதை சீனம் படித்த ஒவ்வொருவரிடமும் இருக்கும். எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் முதல் நிலைப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு நானும் கொஞ்ச காலம் முட்டி மோதினேன். அப்போது முதல் நிலைக்கு மொத்தமே 150 சொல்தான், ஆனாலும் நாலு 'மா'வைத் தாண்டவே ஒரு வாரம் போனது. தமிழ் வாசகருக்கு ஒரு கொசுறு: நம் பழந்தமிழிலும் 'மா' என்றால் குதிரை. நான் மறக்காத ஒரே தொனி அதுதான்.

அப்புறம் விழாக்கள். வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டு வந்தால் வளாகத்தில் மேசை போட்டுச் சிவப்புத் தாளும் தூரிகையும் மையும் வைத்துவிடுவார்கள். குழந்தைகளும் பெற்றோரும் வரிசையில் நின்று 'ஃபூ' என்ற எழுத்தை எழுதுவார்கள். நல்வாழ்வு, அதிர்ஷ்டம் என்று பொருள். எழுதிய தாளை வீட்டுக் கதவில் தலைகீழாக ஒட்டச் சொல்லுவார் ஆசிரியர். ஏன் தலைகீழ்? சீனத்தில் 'தலைகீழ்' என்பதும் 'வந்து சேர்ந்தது' என்பதும் ஒரே ஒலி, 'தாவ்'. 'ஃபூ தலைகீழாய் இருக்கிறதே' என்று யாராவது சொன்னால் 'ஃபூ வந்துவிட்டது' என்று காதில் விழும். சிலேடை பிடித்த நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பக்கத்து மேசையில் டம்ப்ளிங் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள், கொழுக்கட்டை பிடித்த கைக்கு அது பெரிய வித்தை இல்லை. இலையுதிர் காலத்தில் நிலா விழா, மூன்கேக். இடையில் தை சி, காகிதம் வெட்டும் கலை, தேநீர் ஊற்றும் முறை.

இவை தவிர, பல நிறுவனங்கள் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பின. ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கு ஸ்பானிஷ் ஆசிரியர் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதே பாடு, சீன ஆசிரியருக்கு எங்கே போவார்கள்? இதை எழுதும்போது நான் குறை சொல்லத் தேடவில்லை. இந்தப் பகுதி நன்றாகவே நடந்தது.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது

பிரச்சினை பாடத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தது. கன்ஃபூசியஸ் நிறுவனங்களுக்கென்று ஹான்பான் எழுதி வைத்த அமைப்பு விதிகளிலேயே, இவற்றின் செயல்பாடு சீனச் சட்டத்துக்கு மாறாக இருக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. அமெரிக்க மண்ணில், அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்துக்குள், சீனச் சட்டம். சட்டம் படித்தவர் யாராவது அதைக் கையெழுத்துக்கு முன் நிதானமாக வாசித்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2019-இல் தொண்ணூறு ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தது. கிட்டத்தட்டப் பாதியில் ரகசியம் காக்கும் வாசகங்கள் இருந்தன. சொந்தப் பேராசிரியர்களுக்கே ஒப்பந்தத்தைக் காட்டாத பல்கலைக்கழகங்களும் இருந்தன.

இந்த வாசகங்கள் வெறும் காகிதம்தானே என்று கேட்கலாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அது காகிதமாக இருக்கவில்லை. அங்கே சீனாவிலிருந்து வந்த ஓர் ஆசிரியை, ஃபாலுன் காங் என்ற ஆன்மிக அமைப்பில் சேரக் கூடாது என்று தன் ஒப்பந்தத்தில் இருந்ததாகவும், தான் அதைப் பின்பற்றுவதை மறைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டியிருந்ததாகவும் ஒண்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். ஃபாலுன் காங் சீனாவில் 1999 முதல் தடைசெய்யப்பட்ட ஒன்று. கனடாவில் அது ஒருவரின் சொந்த நம்பிக்கை. வேலைக்கு எடுக்கும்போது நம்பிக்கையைப் பார்ப்பது கனடாவில் சட்டவிரோதம். பேச்சுவார்த்தையில் முடிவு கிடைக்காமல், 2013 ஜூலையோடு மெக்மாஸ்டர் தன் நிறுவனத்தை மூடியது.

இது எனக்கு முக்கியமான திருப்பமாகப் படுகிறது. அந்த ஆசிரியை வகுப்பில் என்ன சொன்னார் என்பது பற்றி எந்தப் புகாரும் இல்லை. அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள், எந்த விதியின்படி என்பதுதான் கேள்வி. பல்கலைக்கழகம் என்பது யாரை வேலைக்கு வைப்பது, எதைக் கற்பிப்பது என்ற இரண்டு முடிவையும் தன் கையில் வைத்திருக்கும் இடம். அதில் ஒன்றை வேறொருவருக்கு வாடகைக்குக் கொடுத்தால் மற்றது தானாகப் பின்னால் போகும்.

அப்படிப் பின்னால் போன உதாரணங்கள் உண்டு. 2009-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம், தலாய் லாமாவை அழைப்பதாக இருந்த திட்டத்தைக் கைவிட்டது. ஏற்பாடு செய்ய நேரம் போதவில்லை, பணம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அங்கிருந்த கன்ஃபூசியஸ் நிறுவன இயக்குநர், இந்த அழைப்பு சீன உறவைக் கெடுத்திருக்கும் என்று சொன்னார் என்பதும் பின்னால் வெளிவந்தது. யாரும் மிரட்டவில்லை, யாரும் தடுக்கவில்லை. 'எதற்கு வம்பு' என்று நம் ஊரில் சொல்வோமே, அவ்வளவுதான்.

மறுபக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு. ஹான்பான் அங்கே 40 லட்சம் டாலர் கொடுத்து ஒரு பேராசிரியர் இருக்கையும் சேர்த்து நிறுவனம் அமைக்க முன்வந்தது. திபெத் மாதிரியான விஷயங்களை அந்தப் பேராசிரியர் பேசாமல் இருந்தால் நல்லது என்று ஒரு பேச்சும் கூடவே வந்தது. ஸ்டான்ஃபோர்டு முடியாது என்றது. ஹான்பான் பின்வாங்கி, நிபந்தனை இல்லாமலே பணத்தைக் கொடுத்தது. அந்த இருக்கை கடைசியில் பழஞ்சீனக் கவிதைக்குப் போனது.

கெட்டியாக நின்ற இடத்தில் ஹான்பான் வளைந்து கொடுத்திருக்கிறது என்பதை ஸ்டான்ஃபோர்டு காட்டுகிறது. ஆகவே முழுப் பழியையும் பெய்ஜிங் தலையில் போட்டுவிட முடியாது. கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்குப் பேரம் பேசத் தோன்றவே இல்லை. சிறிய கல்லூரி, சிறிய பட்ஜெட், பெரிய ஆசை.

2014 செப்டம்பர்

அந்த ஆண்டு எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஜூன் மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. கன்ஃபூசியஸ் நிறுவனங்கள் சீன அரசின் ஒரு கை போல இயங்குகின்றன, ஆகவே ஒப்பந்தத்தைத் திருத்துங்கள், இல்லையென்றால் மூடுங்கள் என்றது. கேட்டது மூன்றே விஷயம்: கல்வி முடிவுகள் முழுக்கப் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்க வேண்டும், அங்கே கற்பிப்பவர்களுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கு உள்ள அதே சுதந்திரம் வேண்டும், ஒப்பந்தம் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். நியாயமான கோரிக்கைதான். ஜூலையில் பிராகா.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் அதற்கு முன்பே புகைந்துகொண்டிருந்தது. மானுடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ் இதைப் பற்றிக் கடுமையாக எழுதிவந்தார், நூறு பேராசிரியர்களுக்கு மேல் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். ஆனாலும் நிர்வாகம் புதுப்பிக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தது. அந்த நேரத்தில் ஷாங்காயின் கட்சிப் பத்திரிகை ஒன்றில் ஷூ லின் பற்றிய கட்டுரை வந்தது. சிகாகோ விலக நினைத்தால் விலகட்டும் என்று தாம் ஒரே வரியில் கடிதம் எழுதியதாகவும், அதைப் பார்த்து அவர்கள் பதறிப்போனதாகவும் பெருமையாகச் சொல்லப்பட்டிருந்தது. சிகாகோ அதைப் படித்தது. செப்டம்பர் 25 அன்று, அந்தக் கட்டுரையில் வந்த பேச்சு சமமான கூட்டாளிகளுக்கு இடையே பொருந்தாது என்று சொல்லிப் பேச்சுவார்த்தையை நிறுத்தியது. நூறு பேராசிரியர்களின் மனுவால் முடியாதது ஒரு தற்பெருமைக் கட்டுரையால் முடிந்தது. ஆறு நாளில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் விலகியது.

நடுவில் செப்டம்பர் 27. கன்ஃபூசியஸ் நிறுவனங்களின் பத்தாவது ஆண்டு விழா உலகம் முழுக்க அன்றுதான். அதிபர் ஷி ஜின்பிங் வாழ்த்துக் கடிதம் அனுப்பினார். சிகாகோ செய்தி வந்து இரண்டே நாள்.

ஐரோப்பாவில் முதன்முதலாக 2005-இல் நிறுவனம் அமைத்த ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகமும் அதே குளிர்காலத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. இன்னொரு நாட்டு அரசின் காசில் ஓர் அமைப்பைப் பல்கலைக்கழகத்துக்குள் வைத்திருப்பது சரியில்லை என்றது. அதில் கோபமும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை.

வாஷிங்டன் நுழைந்த பிறகு

2014 வரை நடந்தது பேராசிரியர்களின் வாதம். 2018-க்குப் பிறகு நடந்தது அரசியல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

2018 ஆகஸ்டில் நிறைவேறிய பாதுகாப்புச் செலவுச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது: கன்ஃபூசியஸ் நிறுவனம் உள்ள பல்கலைக்கழகத்தில் சீன மொழி கற்பிக்கப் பாதுகாப்புத் துறையின் (பென்டகன்) பணம் கிடையாது. விலக்குக் கேட்டவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஆரிகன் போன்ற இடங்களில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், பென்டகன் பணமா, ஹான்பான் பணமா? பென்டகன் ஜெயித்தது. 2019 பிப்ரவரியில் செனட் துணைக்குழு ஒன்றின் அறிக்கை வந்தது. 2006 முதல் அமெரிக்கக் கல்வி நிலையங்களுக்குச் சீனத் தரப்பிலிருந்து 15 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் வந்திருக்கிறது, இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் வாங்கிய கல்வி நிலையங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் அதை முறையாக அரசுக்குத் தெரிவிக்கவில்லை என்றது. 2020 ஆகஸ்டில் வெளியுறவுத் துறை, இவற்றின் அமெரிக்கத் தலைமையகத்தை 'வெளிநாட்டுத் தூதரகப் பணியகம்' என்ற வகையில் சேர்த்தது.

இந்தக் கட்டத்தில் உளவு, ஊடுருவல் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. என் கணிப்பில் அதில் பாதி மிகை. தூரிகையும் டம்ப்ளிங்கும் வைத்துக்கொண்டு என்ன உளவு பார்ப்பது? பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த இருபத்து நாலு வயது தன்னார்வ ஆசிரியர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியதில் நியாயம் ரொம்பக் குறைவு. ஆனால் ஒப்பந்தத்தை ஒளித்து வைத்தவர்களால், சந்தேகம் வந்தபோது எடுத்துக் காட்டவும் முடியவில்லை.

மேரிலாண்ட் 2020-இல் மூடியது. முதலில் திறந்தது அங்கேதான், பதினைந்து ஆண்டுக்கு மேல் நடந்தது. அதே ஆண்டு கோடையில் ஹான்பான் தன் பெயரை மாற்றிக்கொண்டது. கன்ஃபூசியஸ் நிறுவனங்களை நடத்தும் பொறுப்பு, அரசு சாரா அமைப்பு என்று சொல்லப்படும் ஒரு புதிய அறக்கட்டளைக்குப் போனது. பலகை மாறியபோது அமெரிக்காவில் பார்க்க ஆள் இல்லை. 2019-இல் நூறை ஒட்டி இருந்த எண்ணிக்கை, 2023-இல் தணிக்கை அலுவலகம் மறுபடி எண்ணியபோது ஐந்துக்கும் குறைவு.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்

சென்னைவாசிகளுக்கு மேக்ஸ் முல்லர் பவனைத் தெரியும். ஜெர்மன் அரசின் காசில் நடக்கும் கதே நிறுவனம் அது. நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சே இருக்கிறது. இரண்டும் தனிக் கட்டடத்தில், தன் பலகையோடு, தன் ஆசிரியர்களோடு இருக்கின்றன. ஜெர்மன் படிக்க வேண்டும் என்றால் நாம் அங்கே போகிறோம். அங்கே ஜெர்மனியைப் பற்றி நல்லதாகவே சொன்னாலும் யாரும் கோபப்படப் போவதில்லை, அது அவர்கள் வீடு. ஆனால் அதே அலுவலகம் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் வந்து உட்கார்ந்து, ஜெர்மன் துறையில் யார் இருக்கலாம், எந்த மாநாட்டில் யார் பேசலாம் என்று கருத்துச் சொன்னால்? சீனா செய்தது அந்த இரண்டாவது வகை. பல்கலைக்கழகத்துக்குள் போனால் மதிப்பும் கிடைக்கும், கட்டட வாடகையும் மிச்சம். ஆரம்பத்தில் அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஆனால் இதே ஏற்பாடு எல்லா இடத்திலும் உடையவில்லை. நைரோபி பல்கலைக்கழகத்தில், தியென்ஜின் நார்மல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 2005 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் முதல் கன்ஃபூசியஸ் நிறுவனம் தொடங்கியது, அது நிலைத்துவிட்டது. சிகாகோவில் சீனவியலுக்கென்று பழைய, வலுவான துறை ஏற்கெனவே இருந்தது. வெளியிலிருந்து வந்தது அதன் மேல் ஏறி உட்கார்ந்ததாக அவர்களுக்குப் பட்டது. நைரோபியில் மோதுவதற்கு அப்படி எதுவும் இல்லை. மாணவருக்கும் கணக்கு வேறு. சீனக் கடனில், சீனக் கம்பெனி கட்டிய மொம்பாசா–நைரோபி ரயில் 2017 மே மாதம் ஓடத் தொடங்கியது. சீனக் கம்பெனிகளில் மொழிபெயர்ப்பாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் வேலை இருந்தது, சீனாவில் படிக்க உதவித்தொகை இருந்தது. கென்யாவின் எகர்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள நிறுவனத்துக்குக் கூட்டாளி நான்ஜிங் வேளாண் பல்கலைக்கழகம், ஆகவே அங்கே மொழியோடு விவசாயமும் சேர்ந்து வருகிறது. தைவான் பற்றிய பக்கத்தைக் கிழித்தால் சிகாகோக்காரருக்கு வரும் கோபம் எகர்டன் மாணவருக்கு வராமல் இருக்கலாம். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தியாவில் கதை வேறு மாதிரி முடிந்தது. 2020 ஜூனில் கல்வான் மோதல். ஆகஸ்டு தொடக்கத்தில், கன்ஃபூசியஸ் நிறுவனத் தொடர்புள்ள ஏழு இடங்களை மத்தியக் கல்வி அமைச்சகம் பரிசீலிக்கப் போவதாகச் செய்தி வந்தது. ஏழில் இரண்டு தமிழ்நாட்டில்: வேலூர் விஐடி, கோவை பாரதியார் பல்கலைக்கழகம். அதற்குச் சில நாள் முன்பு வெளியான புதிய கல்விக் கொள்கையில், பள்ளியில் படிக்கக்கூடிய வெளிநாட்டு மொழிகளின் பட்டியலில் கொரியன் இருந்தது, ஜப்பான் மொழி இருந்தது, தாய்லாந்து மொழியும் இருந்தது. முந்தைய ஆண்டு வரைவில் இருந்த சீனம் மட்டும் இல்லை. பக்கத்து நாட்டோடு சண்டை வரும்போதுதான் அந்த நாட்டு மொழி தெரிந்த ஆள் அதிகம் தேவைப்படுவார் என்பது என் கட்சி. எடுபடாது, தெரியும்.

மூடிய பிறகு

அமெரிக்கக் கல்லூரிகளில் சீன மொழி படிப்போர் எண்ணிக்கை 2013-இல் சுமார் 61,000. 2016-இல் சுமார் 53,000. 2021-இல் 46,000 சொச்சம். கன்ஃபூசியஸ் நிறுவனங்கள் மூடியதால் குறைந்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது, பெரும்பாலானவை மூடும் முன்பே சரிவு தொடங்கிவிட்டது. இரு நாட்டு உறவு கசந்தது, சீனாவில் வேலை என்ற கனவு மங்கியது. மொத்தத்தில் வெளிநாட்டு மொழி படிப்பதே அங்கே குறைந்துவருகிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு: 2016-க்கும் 2021-க்கும் இடையே கொரிய மொழி படிப்போர் 38 சதவீதம் கூடினார்கள். கொரியாவும் செஜோங் மன்னர் பெயரில் மொழி நிறுவனங்கள் நடத்துகிறது, அது உண்மைதான். ஆனால் பிள்ளைகளைக் கொரிய வகுப்புக்கு அனுப்பியது எந்த அமைச்சகமும் இல்லை, அவர்கள் இரவெல்லாம் பார்த்த தொடர்களும் கேட்ட பாட்டுகளும்.

காலியான இடத்தைப் பார்த்துத் தைவான் சும்மா இருக்கவில்லை. 2021 முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தன் பெயரில் மாண்டரின் கற்பிக்கும் மையங்களைத் திறந்துவருகிறது. பிராகாவில் பக்கத்தைக் கிழித்து யார் பெயரை மறைத்தார்களோ, அவர்கள்.

இதை எழுதும்போது நமக்குத் தெரிந்த இரண்டு பழைய விஷயங்கள் திரும்பத் திரும்ப மனதில் வந்தன. ஒன்று, பீஜிங் வானொலியின் தமிழ்ச் சேவை. 1963-இல் தொடங்கியது. தமிழ் கற்ற சீனர்கள் கலையரசி, வாணி மாதிரி தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு பேசினார்கள். அதில் பிரசாரம் இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஆனாலும் நம் கிராமங்களில் நேயர் மன்றம் வைத்து, அஞ்சலட்டை வாங்கி, வாரம் தவறாமல் கடிதம் போட்டார்கள். சீனக்காரர் வாயிலிருந்து 'வணக்கம்' வந்ததே போதுமாக இருந்தது.

இன்னொன்று, இலங்கையின் காலி நகரில் கிடைத்த கல். சீனக் கடலோடி செங் ஹே கொண்டுவந்தது. 1409 தேதியிட்டு நான்ஜிங்கிலேயே பொறித்துக் கப்பலில் ஏற்றிய கல்வெட்டு, 1911-இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. அதில் மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு, தமிழ்ப் பகுதி உள்ளூர்த் தெய்வமான தேனவரை நாயனாருக்கு என்று காணிக்கைகளை வரிசைப்படுத்துகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். செங் ஹே நல்ல எண்ணத்தோடு மட்டும் வந்தவர் இல்லை, இலங்கை அரசன் ஒருவனைப் பிடித்துக்கொண்டே போனார். ஆனால் யார் ஊரில் கல்லை நடுகிறோம், அங்கே எந்த மொழி பேசுகிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்பதைக் கப்பல் புறப்படும் முன்பே விசாரித்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2021 மே மாதம் அதே கொழும்பில், சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு (அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம்) சீனத் தூதரகம் ஒரு மின்நூலகம் அன்பளிப்பாகக் கொடுத்தது. திறப்புவிழாப் பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் இருந்தன. நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றான தமிழ் இல்லை. சத்தம் எழுந்ததும் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.